எனக்குன்னு தனியா ஒரு தாளம்

அண்ணாச்சி, அந்தப் பை மேல கைய ஊனாதீங்க. கோவிச்சுக்கிடாதீங்க, உள்ள கீபோர்டு இருக்கு. கொஞ்சம் ஒங்க மடியிலயும் வரத்தான் செய்யும், பொறுத்துக்கிடுங்க. மேல கம்பித் தட்டுல வைக்கச் சொல்லுதான் அந்தக் கண்டக்டரு. வச்சுட்டு, நாங்குநேரி கிட்ட அவன் ஒரு பிரேக்கு போட்டா எவன் மண்டையில விழும்? லக்கேஜ் டிக்கெட்டு போடுவேங்கான். போடும்வே, போட்டுக் கிழியும்னுட்டேன். இன்னைக்கு எங்கிட்ட எவனும் வாயக் குடுக்கக் கூடாது.

நீங்களும் நாகர்கோயில்தானா? நல்லதாப் போச்சு. எனக்குச் சாயங்காலம் அங்க ஒரு கல்யாண வரவேற்புல வாசிக்கணும். லாரன்ஸ்னு ஒருத்தர் நடத்துற செட்டு. அவரு கீபோர்டுக்காரனுக்குக் குடலிறக்கம் ஆப்பரேசனாம், என்னைக் கூப்ட்டாரு. வாரேன்னேன். ஆனா ஒரு கண்டிசன். ஒங்க மேடையில கம்ப்யூட்டரு இருக்கக் கூடாது, நெட்டு வயரு ஒரு சாணு கூட இருக்கக் கூடாது, என் கீபோர்டுல இருந்து ஒரே வயரு நேரா மிக்ஸருக்குப் போவணும், அங்க இருந்து ஸ்பீக்கருக்குப் போவணும். சம்மதமான்னேன். "நம்மகிட்ட அதெல்லாம் ஏது அண்ணாச்சி, வாங்க"ன்னாரு. மனுசன்!

எனக்குச் சொந்தமா செட்டு இருக்கு, பாத்துக்கிடுங்க. பாளையங்கோட்டையில பாக்கியநாதன் செட்டுன்னு கேட்டா எவனும் சொல்லுவான். அந்தப் பாக்கியநாதன் நாந்தான். அத விட்டுட்டு அடுத்தவன் மேடைக்கு ஓசி ஆளாப் போறேன். ஏன்னு கேளுங்க. நீங்க கேக்கல, சரி. ஆனாலும் கேளுங்க.

எங்க செட்டுல நான் கீபோர்டு. எங்க வீட்டுக்காரி ஜெயக்கனி பாட்டு. மைதீன்னு ஒரு கூட்டாளி ரிதம் பேடு வாசிக்கான், குச்சிய வச்சு அடிப்பான்லா, அது. ஆம்பளக் குரலுக்கு அப்பப்ப யாரையாவது பிடிச்சுக்கிடுவோம், அவனுவ இந்தக் கதைக்கு வேண்டாம். கனி குரலப் பத்தி நானே சொல்லக் கூடாது. சங்கரன்கோயில் பக்கமெல்லாம் அவளுக்காகவே எங்களக் கூப்பிடுவாவ.

அப்படிப்பட்டவளுக்கு ரெண்டு மூணு வருசத்துக்கு முன்ன ஒரு கோளாறு வந்துச்சு. தாளம் பிந்த ஆரம்பிச்சுட்டா. எனக்கு ஒண்ணும் தெரியல, அண்ணாச்சி, நெசமாச் சொல்லுதேன். என்கூட அவ சரியாத்தான் வந்தா. நான் கட்டைய அமுக்குத எடத்துல அவ சொல்லு வந்து விழும், ஒரு மயிரிழை வித்தியாசம் கெடையாது. ஆனா கேக்கவன் எல்லாம் சொல்லுதான், பாட்டு இழுக்கு, பாட்டு இழுக்குன்னு. மைதீனும் ஒருநா சொல்லுதான், "அண்ணே, பாட்டு எம் பின்னால போவுதுண்ணே"ன்னு. பேடுக்காரனே சொன்னா பொறவு என்ன செய்ய? ஒரு அம்மன் கோயில் கொடையில மேடையிலேயே கேட்டுட்டேன். "ஏட்டி, தாளத்தப் பாத்துப் பாடு"ன்னு. மைக்கு தெறந்து கெடந்திருக்கு. சனம் பூராவும் சிரிச்சுட்டு. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான்.

எங்க கோயில்ல கிறிஸ்மசுக்குத் தனிப்பாட்டு எப்பவும் அவதான். அந்த வருசம் அவகிட்ட இருந்து பிடுங்கி ஒரு டீச்சருக்குக் குடுத்துட்டாவ. அங்கயும் நாந்தான் வாசிப்பு. சொல்லப்போனா அந்த டீச்சருக்கும் ஒண்ணும் வரல. அவ முந்தி முந்தி ஓடுனா. ஒருத்தி பிந்துதா, ஒருத்தி முந்துதா, நடுவுல நான் ஒருத்தன் மாரடிக்கணும்.

கனி அந்தக் கிறிஸ்மசுக்குப் புதுச் சேல கூட எடுக்கல. அவளுக்குப் பாட்டுன்னா உசுரு, தெரியும்லா. ரெண்டு நா கழிச்சு அவ தம்பிக்குப் போன் போட்டிருக்கா.

இப்பதான் அய்யா வாரான் கதைக்குள்ள. செல்வின். எம் மச்சினன். சென்னையில ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல கம்ப்யூட்டர்ல பாட்டு சேக்குத வேல பாத்தான். அத விட்டுட்டு, ரெண்டு லேப்டாப்பும் ஒரு மூட வயருமா வந்து எறங்குனான். வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைன்னு சொல்லுவாவ. நான் எடுக்கக் கூட இல்ல, அண்ணாச்சி. எம் பொண்டாட்டி எடுத்து என் வேட்டிக்குள்ள விட்டா.

"அத்தான், நம்ம செட்டப் பூராவும் நெட்டுல இணைச்சுருவோம்"னான். நெட்டுன்னா போன்ல படம் பாக்குத நெட்டு இல்லயாம். மேடைக்குள்ளயே ஒரு சின்னப் பொட்டி வச்சு, அதுல எல்லாரு வயரையும் கொண்டுபோய்ச் சொருவணுமாம். என் கீபோர்டுல இருந்து ஒரு குட்டி லேப்டாப்பு, அதுல இருந்து நீல வயரு அந்தப் பொட்டிக்கு. மைதீன் பேடுல இருந்து ஒரு நீல வயரு. கனி மைக்கு கூட அங்கதான். பொட்டியில இருந்து ஒரு வயரு செல்வின் லேப்டாப்புக்கு. அவன் மேடை ஓரத்துல ராசா மாதிரி நாக்காலி போட்டு இருந்துக்கிடுவான். எல்லாம் அவன் கைக்குப் போயி, அவன் கையில இருந்துதான் ஸ்பீக்கருக்குப் போவும்.

"ஏம்ல, என் கீபோர்டுல இருந்து சத்தம் வரும்லா, அது போதாதா?"ன்னு கேட்டேன். அவன் சொல்லுதான், "ஒங்க கீபோர்டுல இருந்து சத்தமே போவாது அத்தான். எந்தக் கட்டைய அமுக்குனீங்க, எப்ப அமுக்குனீங்க, எவ்வளவு அழுத்தமா அமுக்குனீங்க, அந்தத் தாக்கல், அந்தச் சேதி மட்டுந்தான் போவும். அதுக்கு மிடின்னு பேரு. அந்தத் தாக்கல வாங்கி என் கம்ப்யூட்டரு சத்தம் போடும். வயலின் சத்தம் வேணும்னா வயலின், புல்லாங்குழல் வேணும்னா புல்லாங்குழல்."

இத எங்க போய்ச் சொல்ல? நான் அமுக்குவேன், அவன் பொட்டி கத்தும். எனக்குச் சோறு ஊட்டுறதுக்கு ஒரு ஆளு வச்ச மாதிரில்லா இருக்கு! மாட்டேன்னுதான் சொன்னேன். கனி வந்து கெஞ்சுனா. "ஒரே ஒரு தடவ பாப்பமே, அவன் ஆசையா வந்திருக்கான்"னா. கெஞ்சத் தெரியாதவ அண்ணாச்சி அவ. அவ கெஞ்சவும் நான் வாய மூடிட்டேன்.

சத்தங் கூடப் போவட்டும். வாசிக்க ஆளு நம்மதான. எனக்கு ஆத்திரம் எதுல தெரியுமா? காதுல.

மேடையில நம்மளப் பாத்து ரெண்டு ஸ்பீக்கரு இருக்கும்லா, நாம பாடுறது நமக்குக் கேக்கதுக்கு. அத எல்லாம் தூக்கிட்டான். ஆளுக்கு ஒரு இயர்போனு. ரப்பரு வச்சது, காதுல வச்சுட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. யாருக்கு என்ன கேக்கணுமோ அத மட்டும் அந்த வயரு வழியாவே திருப்பி அனுப்புவானாம். "அத்தானுக்கு என்ன வேணும்?"னு கேட்டான். எனக்கு என்ன வேணும்? தாளம் வேணும், என் வாசிப்பு வேணும், எங்க வீட்டுக்காரி குரலு வேணும். அவ மூச்ச இழுக்கது எனக்குக் கேக்கணும். அதக் கேட்டுதான் என் விரலு எந்திரிக்கும். கல்யாணம் முடிஞ்ச புதுசுல இருந்து அப்படித்தான். சொன்னேன். சரி அத்தான்னான்.

மொத நிகழ்ச்சி. காதுல மாட்டுனேன். தாளம் டக்கு டக்குன்னு கேக்கு. என் வாசிப்பு கேக்கு. அவ இல்ல. பக்கத்துல நின்னு பாடுதா, வாய் அசையுது, கழுத்து நரம்பு தெரியுது, ஒரு சத்தம் எனக்கு வரல. ஊம படம் பாக்க மாதிரி. முடிஞ்சதும் பிடிச்சேன் அவன. "ஒங்க அக்கா குரலு எங்கல?"ன்னேன். "சேனலு பத்தல அத்தான், பாத்துச் சரி பண்ணுதேன்"னான். அடுத்த நிகழ்ச்சியிலயும் பத்தல. அதுக்கடுத்ததுலயும் பத்தல. மைதீன் காதுல அவ பாட்டு கேக்குதாம்! அவனுக்குப் பத்துது, புருசங்காரனுக்குப் பத்தல. எப்படி இருக்கும் எனக்கு?

கூட்டத்துல கைதட்டு அள்ளுனது, அத இல்லன்னு சொல்லல. பாட்டு இழுக்குன்னு சொன்னவன் எல்லாம் வந்து கனி கையப் பிடிச்சுப் பாராட்டுதான். கோயிலுக்கும் அவன் பொட்டியத் தூக்கிட்டு வந்தான், தனிப்பாட்டு திரும்ப அவளுக்கே வந்துச்சு. அன்னைக்கு அவ அழுதுட்டா, ஆனந்தக் கண்ணீரு. நான் என்ன நெனச்சேன்? மேடையில ஒரு வார்த்த கேட்டேம்லா, அது வேல செஞ்சிருக்கு, பொம்பள திருந்திட்டான்னு நெனச்சேன். ஒரு வருசம் ஓடுச்சு இப்படி. ஊரெல்லாம் எம் பொண்டாட்டி பாட்டக் கேக்கு, நான் ஒருத்தன் கேக்கல.

வீட்டுல பாடச் சொன்னா பாடுவாதான். அது வேற, இது வேற. நான் வாசிக்க அவ பாடணும்.

இப்ப வாரேன் விசயத்துக்கு. போன மாசம் சுரண்டையில ஒரு கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் கேக்கு வெட்டுதாவ. அந்நேரம் நாங்க வாசிக்கல, செல்வின் கம்ப்யூட்டர்ல இருந்து சும்மா ஒரு தாளம் ஓடுது. மைதீன் தண்ணி குடிக்கப் போயிட்டான். எனக்கு வலது காது இயர்போனு செத்துப்போச்சு. ஒரு பக்கம் கேக்காம எப்படி? மைதீனுது பேடு மேல கெடந்துச்சு. அவன்கூட எனக்கென்ன, தம்பி மாதிரி. எடுத்து வலது காதுல சொருவுனேன்.

இடது காதுல என்னுது. வலது காதுல அவனுது. ஒரே கம்ப்யூட்டரு, ஒரே தாளம். ரெண்டும் ஒண்ணாத்தான விழணும்? விழல. டட்டக்கு... டட்டக்கு... டட்டக்குன்னு வருது. ஒரு நிமிசம் எனக்குப் புரியல. இடது காத அடச்சுப் பாக்கேன். வலது காத அடச்சுப் பாக்கேன். ரப்பரக் கழத்திட்டு மண்டபத்து ஸ்பீக்கரக் கேக்கேன். மைதீன் காதும் மண்டபமும் ஒண்ணு. எங் காது மட்டும் முந்தி ஓடுது.

வெளங்குதா, அண்ணாச்சி? ஊருக்கெல்லாம் ஒரு தாளம். எனக்குன்னு தனியா ஒரு தாளம். ஒரு வருசமா! அதாலதான் எங்க வீட்டுக்காரி குரலு எனக்கு வரல. அவ ஊரு தாளத்துக்குப் பாடுதா. அவ குரல எங் காதுல விட்டா, தாளத்துக்கும் பாட்டுக்கும் ஒட்டாமக் கெடக்கது தெரிஞ்சுபோயிரும்லா. கள்ளத்தனம் வெளிய வந்துரும்லா. சேனலு பத்தலயாம், சேனலு! மூதி!

மைதீன் வந்து அவனுத வாங்கி மாட்டிக்கிட்டான், அடுத்த பாட்டு ஆரம்பிச்சாச்சு. கனி பாடுதா. எனக்கு உள்ள கொதிக்கு. செல்வினப் பாக்கேன், அவன் லேப்டாப்பப் பாத்துத் தலைய ஆட்டிக்கிட்டிருக்கான், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யுதவன். நாலு வேளயும் எங்க வீட்டுச் சோறு. குனிஞ்சேன். காலடியில அந்தப் பொட்டி. என் வயரப் பிடுங்கிட்டு நேரா மிக்ஸர்ல சொருவிரணும், அதுதான் என் எண்ணம். ஆனா எல்லாச் சவமும் ஒரே நீலம். எது என்னுது, எது எவனுது? கொத்தோட பிடிச்சு ஒரு இழுவ.

மொத்த மேடையும் செத்துப்போச்சு, அண்ணாச்சி. என்னுது இல்ல, மைதீன் பேடு இல்ல, கனி மைக்கு இல்ல. எல்லாம் அந்தப் பொட்டி வழியாத்தான ஓடுது. மைதீன் குச்சிய வச்சு ரப்பரத் தட்டுதான், டப்பு டப்புன்னு சாக்கத் தட்டுத மாதிரி கேக்கு. கனி கண்ண மூடிப் பாடுதவ. அவ நிறுத்தல. மைக்கு போனது தெரிஞ்சும் நிறுத்தல, அடி வயித்துல இருந்து எடுத்துப் பாடுதா. காதுல இருந்து ரப்பரப் பிடுங்கி எறிஞ்சேன். ஒரு வருசங் கழிச்சு அவ குரல மேடையில கேக்கேன். ஒரு சங்கதி போட்டுட்டு மூச்ச இழுத்தா பாருங்க, அதுவும் கேட்டுது.

நல்லாருந்துச்சு. ரொம்ப நல்லாருந்துச்சு. ஆனா எனக்கு அப்ப கோவந்தான் பெருசாத் தெரிஞ்சுது.

செல்வின் ஓடியாந்து மைக்க நேரா மிக்ஸருக்கு மாட்டுனான், பேட மாட்டுனான். எங்கிட்ட வந்தவன ஒரு தள்ளு. என் கீபோர்ட நானே மாட்டுனேன். "இப்பப் பாருல வாசிப்ப"ன்னு ஆரம்பிச்சேன்.

அந்தப் பாட்டு வெளங்கல. மைதீன் கோட்டி பிடிச்ச மாதிரி ஓடுதான், நானும் பிடிச்சு இழுக்கேன், நிக்க மாட்டேங்கான். கனி மொத ரெண்டு வரி அவன்கூடப் போனா. பொறவு என்னையப் பாத்தா. பாத்துட்டு அப்படியே வேகத்தக் கொறச்சு எங்கிட்ட வந்துட்டா. ரெண்டு பேரும் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கீழ இருந்து ஒரு தடிப்பய கத்துதான், "ஏ பாட்டுக்காரம்மா, தூங்கிட்டியா?"ன்னு. எம் பொண்டாட்டியப் பாத்து! எறங்கி அறையலாம்னு போனேன், மைதீன் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டான்.

மண்டபத்துக்குப் பின்னால, பிரியாணி அண்டா கழுவுத எடத்துல வச்சு செல்வினப் பிடிச்சேன். "எனக்கு மட்டும் ஏம்ல கள்ளத் தாளம்? என்னையக் கோமாளி ஆக்கிட்டு, செட்ட ஒம் பேருல மாத்தப் பாத்தியால?"ன்னேன். "சொல்லுல!"ன்னு ஒரு சத்தம். அப்பதான் சொன்னான்.

"ஒங்க விரலு பிந்துது அத்தான். பிந்துன சத்தத்த எந்தக் கம்ப்யூட்டராலயும் முன்னால இழுக்க முடியாது. அதனால ஒங்க காதுல தாளத்த முந்தி விட்டேன். நீங்க முந்திக் கேட்டு, பிந்தி வாசிப்பீங்க. வெளிய சரியா வந்து விழும். மொதல்ல இத்தினிக்காணு விட்டாப் போதும். இப்பக் கூட விட வேண்டியிருக்கு."

கேட்டீயளா? என் விரலு பிந்துதாம்! பத்து வயசுல கோயில் ஆர்மோனியத்துல கைய வச்சவன். என் விரலு பிந்துதாம்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒம் பொட்டி பிந்துதுன்னு சொல்லுல, ஒம் வயரு பிந்துதுன்னு சொல்லு! அடிக்கக் கைய ஓங்கிட்டேன்.

கனி ஊடால வந்து நின்னா. "அவன அடிக்காதீங்க. அவனக் கூட்டியாந்தது நான்"னா.

சத்தம் போடல. எப்பவும் பேசுத மாதிரி பேசுதா. "ரெண்டு வருசம் ஒங்க பின்னாலயே பாடுனேன். நீங்க எங்க வைக்கீங்களோ அங்க வந்து சேந்துக்கிட்டேன். ஊரு என்னைத்தான் ஏசுச்சு, ஏசட்டும்னு இருந்தேன். கோயில்ல பாட்டப் பிடுங்குனப்பதான் தாங்க முடியல. ஒங்ககிட்டச் சொல்லவும் மனசு வரல. அதான் தம்பியக் கூப்ட்டேன்."

நீங்களே சொல்லுங்க, இது நம்புத மாதிரியா இருக்கு? தம்பியக் காப்பாத்த அக்கா கத கட்டுதா. வேறென்ன? அப்புறம் ஒவ்வொண்ணா அடுக்குதா. சட்டப் பித்தான் போட நேரமாவுதாம். பித்தான் ஓட்ட சிறுசு, தையக்காரன் அப்படித் தச்சிருக்கான். கையெழுத்து எறும்பு மாதிரி ஆயிட்டுதாம். பேனா அப்படி. நடக்கையில வலது கை வீசவே மாட்டேங்குதாம். கைய வீசி நடக்க நான் என்ன போலீஸ்காரனா? நரம்பு டாக்டரு ஒருத்தர் பாளையங்கோட்டையில இருக்காராம், ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருவமாம். எனக்கா நரம்பு டாக்டரு? போங்கட்டி, நீயும் ஒந் தம்பியும்னுட்டேன். அன்னையில இருந்து வீட்டுல பேச்சு இல்ல. இந்தா கீபோர்டத் தூக்கிட்டு வந்துட்டேன். இன்னைக்கு நாகர்கோயில்ல தெரிஞ்சுரும்லா, எவன் விரலு பிந்துதுன்னு.

நீங்க சிரிக்கீயளா? இல்ல? சரி. ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீய? நம்பலயா?

இருங்க. டிரைவரு பாட்டு போட்டிருக்காருல்லா. நல்ல தாளக்கட்டு உள்ள பாட்டுதான். நீங்க தொடையில தட்டுங்க, நான் இந்தப் பை மேல தட்டுதேன். தட்டுங்க, வெக்கப்படாதீங்க, எவன் பாக்கான். ம். ம். ம். பாத்தீயளா, நீங்க முந்துறீய. பாட்டக் கேட்டுத் தட்டுங்க, அண்ணாச்சி. ஆங். இப்பவும் முந்துறீய. பரவாயில்ல, எல்லாருக்கும் வராது. முன் சீட்டுல பாருங்க, அந்தக்கா தலைய ஆட்டுதாவ. அவங்களும் முந்தித்தான் ஆட்டுதாவ. அந்தா கண்டக்டரு, டிக்கெட்டு மிசினத் தட்டிக்கிட்டு வாரான், அவனும்...

அவனும் ஒங்ககூடத்தான் தட்டுதான்.

விடுங்க. தட்டுனது போதும். பஸ்ஸு குலுங்குது, இதுல என்ன தாளம் பாக்க முடியும்.

இருங்க, போன் அடிக்கு. கனிதான். இத்தன நாளாப் பேசாதவ, இப்ப என்னவாம்? என்னட்டி? ... ஆமா, பஸ்ஸுலதான். காவல்கிணறு தாண்டியாச்சு. ... எங்க நிக்க? ... எங்க? நாகர்கோயில்லயா? ஏ கோட்டிக்காரி, நீ எதுக்குட்டி அங்க வந்த? எவனக் கேட்டு வந்த? ... லாரன்ஸ் கூப்ட்டாரா, இல்ல நீயா கேட்டியா? ... ஒண்ணும் வேண்டாம், திரும்பி ரயிலேறு. நான் வாசிச்சுக்கிடுவேன், எனக்குத் தொண வேண்டாம். ... ஏட்டி. ஏட்டி! ...

வச்சுட்டா.

காலையிலேயே ரயிலப் பிடிச்சு வந்திருக்கா, அண்ணாச்சி. லாரன்ஸ்கிட்ட இவளாப் போன் போட்டுக் கேட்டிருக்கா, நான் ரெண்டு பாட்டு பாடட்டுமான்னு. எங்கிட்டச் சொல்லுதா, "தெரியாத ஆளுவ கூட ஒங்களத் தனியா வாசிக்க விட மாட்டேன். அவங்க ஒங்களுக்காக நிக்க மாட்டாங்க. நான் இருந்தா ஒங்களப் பாத்துப் பாடிக்கிடுவேன்"ங்கா. ஒங்களப் பாத்துப் பாடிக்கிடுவேன்! திமிரப் பாத்தீயளா? எவ கேட்டா அவள? நான் கேட்டனா?

இவ அங்க வந்து நின்னு, என்னையப் பாத்துப் பாத்து, என் பின்னால ஊந்து பாடுவா. கேக்கவன் எவன்? புது ஊரு. இவ யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. என்ன சொல்லுவான்? பாட்டுக்காரிக்குத் தாளமே நிக்கலம்பான். கிழவி ஆயிட்டா, வீட்டுல இருக்க வேண்டியதானம்பான். அவளுக்கு அது தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் ரயிலேறி வந்திருக்கா. முட்டாச் சிறுக்கி. இத்தன வருசமா இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு... போன வருசம் ஒரு வருசந்தான் அவ நிம்மதியாப் பாடுனது. அதயும் நான் பிடுங்கி எறிஞ்சேன், கொத்தோட.

நீங்க அந்தப் பக்கம் பாருங்க, அண்ணாச்சி. சும்மா ஜன்னல் வழியாப் பாருங்க. நான் ஒரு போன் பேசணும்.

லே. செல்வினு. ... நாந்தாம்ல. ... கோவம் இல்லாம இருக்குமா, கொல்லணும் போல இருக்கு ஒன்னைய. மறுபேச்சுப் பேசாமக் கேளு. ஒங்க அக்கா நாகர்கோயில்ல நிக்கா. ... ஒனக்குத் தெரியுமா? எல்லாம் கூட்டுக் களவாணிய. சரி. அந்த லேப்டாப்பு, பொட்டி, வயரு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு ஒடனே கெளம்பி வா. மேடை ஏறதுக்கு முன்ன மாட்டணும். ... லாரன்ஸ்கிட்ட நான் பேசிக்கிடுதேன். வயரு கூடாதுன்னு சொன்ன வாயால நானே வேணும்னு சொல்லிக்கிடுதேன். ...

எவ்வளவு முந்தி விடணுமோ விட்டுக்க. என்னையக் கேக்காத. ... போவேன்ல, டாக்டர்ட்டயும் போவேன். திங்கக்கெழம பாப்போம். இப்ப அதப் பேசாத.

இன்னொண்ணு. சேனலு பத்தலன்னு எங்கிட்ட இனிமே சொல்லக் கூடாது. அவ குரல எங் காதுல போட வேண்டாம். ... ஆமா, வேண்டாம்னுதான் சொல்லுதேன். போட்டா நான் அவ பின்னால போயிருவேன், தாளம் தப்பும், அவளுக்குத்தான் ஏச்சு விழும். ஊரு கேட்டாப் போதும்ல. நான் அவ வாய் அசையதப் பாத்துக்கிடுதேன். ...

என்னல சத்தம்? ... அழுவுதியால? அழாத மூதி. வண்டியப் பைய, நிதானமா ஓட்டிட்டு வா.